முதல் கப்பல் சுற்றுலா: அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?

கேள்வி, 9 செப்டம்பர் 2024, கானாடுகாத்தான் வாசகர்

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மணிவிழா முடிஞ்சதும் சிங்கப்பூர் போய் அங்கேருந்து கப்பல் சுற்றுலா போகலாம்னு வீட்ல பேச்சு. அப்பத்தாவும் வரணும்னு எனக்கு ஆசை. 79 வயசு, முட்டி வலி, சுத்த சைவம். "கப்பல்லாம் குடிக்கிறவனுக்கும் சீட்டாடுறவனுக்கும். அவுகளை ஏன்டா போட்டு இழுக்கிறே"ங்கிறார் சித்தப்பா. யாராச்சும் விவரம் சொல்லுங்க.

பதில், 9 செப்டம்பர், இரவு

சித்தப்பா சொல்றதை நான் ஒத்துக்கலை. வயசானவங்களுக்குக் கப்பலைவிடச் சுகமான வெளிநாட்டுப் பயணம் கிடையாது. பெட்டியை ஒரே தடவை பிரிச்சா போதும். தினமும் ஓட்டல் மாத்த வேண்டாம், பஸ்ல ஏறி இறங்க வேண்டாம், ஊர்தான் நம்மகிட்ட வரும். நாங்களும் காரைக்குடியிலேருந்து தைப் பொங்கல் கழிச்சுக் கிளம்பத் திட்டம் போட்டுக்கிட்டிருக்கோம். எங்க அப்பத்தாவும் வர்றாங்க. அவங்களுக்கு உங்க அப்பத்தாவைவிட வயசு கூட.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். கப்பல் எவ்வளவு பெருசு, நீச்சல் குளம் எத்தனைன்னு பார்த்து டிக்கெட் போடாதீங்க. கூட வர்றவங்கள்ல யாருக்கு வயசு அதிகமோ, அவங்க கால் எந்தத் துறைமுகத்துல சிரமமில்லாம இறங்கும்னு பாருங்க. சிங்கப்பூர்லேருந்து கிளம்புற மூணு நாலு ராத்திரிப் பயணங்கள்ல பெரும்பாலும் பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் இந்த மூணுல ஒண்ணோ ரெண்டோ இருக்கும். பினாங்குல கப்பல் ஜார்ஜ் டவுன் சுவெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும், பாலம் வழியா நடந்து இறங்கிடலாம். புக்கெட்ல பெரிய கப்பல் பெரும்பாலும் கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். அங்கேருந்து சின்னப் படகுல மாறிக் கரைக்குப் போகணும். ஆடுற படகுல காலை வச்சு ஏறுறது முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது. போர்ட் கிளாங்ல கப்பல் கரையிலயே நிக்கும், ஆனா கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பத்துமலையும் அந்தப் பக்கம்தான், படி 272.

எங்க ஓட்டு பினாங்குக்கு. அதுக்கு வேற காரணமும் இருக்கு, அப்புறம் எழுதறேன்.

10 செப்டம்பர்

பாஸ்போர்ட்! பயணம் முடியுற தேதிக்கு அப்புறமும் ஆறு மாசம் செல்லணும். அப்பத்தாக்கள் விஷயத்துல இதை முதல்ல கையில எடுங்க. ஆதார்ல பிறந்த வருஷம் மட்டும் இருக்கும், ரேஷன் கார்டுல வேற வயசு இருக்கும், பேங்க் புத்தகத்துல இனிஷியல் முன்னாடி, பாஸ்போர்ட்ல ஐயா (தாத்தா) பேரு பின்னாடின்னு கிடக்கும். கப்பல் டிக்கெட்ல பாஸ்போர்ட்ல இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்துப் பேர் இருக்கணும். சிவகங்கை மாவட்டத்து ஊர்களுக்கு மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குத் திருச்சி. நம்ம செட்டிநாட்டு நகரத்தார் ஊர்கள் ரெண்டு மாவட்டத்துலயும் சிதறிக் கிடக்கிறதால இதைச் சொல்றேன்.

15 செப்டம்பர்

பள்ளத்தூர்லேருந்து ஒருத்தர்: "சென்னையிலேயே கப்பல் இருக்கே, எதுக்கு சிங்கப்பூர் வரைக்கும்?"

இருக்கு. 2022 ஜூன்ல சென்னையிலேருந்து சொகுசுக் கப்பல் ஓட ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு. பிளேன் செலவு மிச்சம்கிறது உண்மைதான். ஆனா வருஷம் பூரா ஓடுறதில்லை, எந்த மாசம்னு கேட்டுக்கணும். அதோட அது திறந்த வங்கக்கடல். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் அங்க என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாததா? மலாக்கா நீரிணை ஒருபக்கம் சுமத்ரா, ஒருபக்கம் மலேசியான்னு ரெண்டு கரைக்கு நடுவுல இருக்கு. அலை அடங்கியே இருக்கும். முதல் தடவை போறவங்களுக்கு, அதுவும் வயசானவங்களுக்கு, அதுதான் நல்லதுங்கிறது என் எண்ணம்.

கடல் ஒத்துக்குமான்னு தெரியணும்னா நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குப் போற பயணிகள் கப்பல்ல ஒரு நடை போய்ட்டு வரலாம். 2023 அக்டோபர்ல தொடங்கி, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சுது. நாலு மணி நேரம் போல. இப்ப ஓடுற கப்பலுக்குப் பேரே 'சிவகங்கை'. எங்க அப்பத்தா அதைக் கேட்டுட்டு, "நம்ம ஜில்லாவுக்கே கப்பல் விட்டுட்டான்களா!"ன்னு ஒரு நாள் பூரா சிரிச்சாங்க.

2 அக்டோபர்

கேபின். ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னலறை, பால்கனி அறைன்னு மூணு விதம். விலை அந்த வரிசையிலயே ஏறும். கப்பல் எங்க கம்மியா ஆடும்னா நடுவுல, அதுவும் கீழ்த்தளத்துல. முன் மூக்குல மேல்தளத்துல இருக்கிற அறை படத்துல அழகா இருக்கும், ஆட்டமும் அங்கதான் அதிகம். லிஃப்டுக்குப் பக்கம்னு கேட்டு வாங்குங்க. இந்தக் கப்பல்கள்ல பலது 300 மீட்டருக்கு மேல நீளம். கேபினிலேருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கிறதே அப்பத்தாவுக்கு ஒரு கோவில் பிரகாரம் சுத்துற கணக்கு.

பால்கனி வேண்டாம், அந்தக் காசுக்குக் கரையில நல்ல கார் வைக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

2 அக்டோபர், சாயங்காலம்

சக்கர நாற்காலி கப்பல்லயே தருவாங்களான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் தருவாங்க. பயணம் பூரா வச்சுக்க முடியாது. மடக்கு நாற்காலி சொந்தமா எடுத்துட்டுப் போங்க, விமானத்துல அதுக்குத் தனிக் காசு கிடையாது. சாதா கேபின் கதவு குறுகல், மடக்காத நாற்காலி உள்ளே நுழையாது.

19 அக்டோபர்

சாப்பாடு. இந்த இழையில அதிகம் கேட்டது இதான்.

சிங்கப்பூர்லேருந்து போற கப்பல்கள்ல இந்தியச் சாப்பாடு உண்டு. சைவம், சமணச் சைவம் (வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காதது) ரெண்டுமே முன்கூட்டிச் சொன்னா செய்வாங்க. சொல்லணும், அதுதான் முக்கியம். டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துட்டு, ஏறின அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து சாப்பிடுற கூடத்துல மேற்பார்வையாளரைப் பார்த்து மறுபடி சொல்லணும். "சைவம்"னு மொட்டையாச் சொன்னா மீன் சாஸ் ஊத்தின காய்கறி வந்தாலும் வரும். மீன் சாஸ், சிப்பிச் சாஸ், முட்டை, இறைச்சி ரசம் எதுவும் கூடாதுன்னு ஒவ்வொண்ணா எழுதி நீட்டுங்க. பஃபேல பத்து நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு அப்புறம் தட்டை எடுங்க.

வீட்டுப் பலகாரம் கொண்டுபோகலாமா? வீட்ல சமைச்சதைக் கப்பல்ல ஏத்த விடமாட்டாங்க. அதனால கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் எல்லாம் மறந்துடுங்க. கடையில சீல் போட்டு, உள்ளே என்ன இருக்குன்னு அச்சடிச்ச பாக்கெட்டைப் பல கப்பல்கள்ல விடறாங்க. தேன்குழல், சீப்புச் சீடை, பருப்புப்பொடி இதெல்லாம் நம்ம கடைகள்லயே அப்படிக் கிடைக்குது. அதையும் துறைமுகத்துல இறங்கும்போது கையில எடுத்துட்டு இறங்காதீங்க. கரையிறங்கும்போது உணவுக்குத் தனிச் சட்டம்.

இன்னொண்ணு. அப்பத்தாவோட பூசைப் பை. விபூதி, குங்குமம், சின்னப் படம் போகும். சூடம், ஊதுபத்தி, அகல், தீப்பெட்டி போகவே போகாது. கப்பல்ல நெருப்புன்னா அவங்களுக்கு உயிர்ப் பயம், அது நியாயமும் கூட. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், வெந்நீர்ச் சுருள் எல்லாமே தடை. வெந்நீர் பஃபேல எந்நேரமும் கிடைக்கும், ஃபிளாஸ்க் கொண்டுபோங்க. இதையெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்ல சொல்லிடுங்க. துறைமுகத்துல ஸ்கேனர் பக்கத்துல நின்னுக்கிட்டு அப்பத்தாவோட பூசைப் பையை ஒருத்தன் கிளறுறதைப் பார்க்க நல்லாவா இருக்கும்?

27 அக்டோபர்

இழை கொஞ்சம் திசை மாறுது, பரவாயில்லை. "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் சிதம்பரம் கப்பல்ல போனவங்கதானே, நமக்குக் கடல் புதுசா"ன்னு ஒரு அன்பர் எழுதியிருக்கார். சிதம்பரம் கடைசியில வந்தது. 1970-கள்ல ஓட ஆரம்பிச்சு, 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு, அதோட சென்னை-சிங்கப்பூர் பயணிகள் கப்பல் பாதையே நின்னு போச்சு. அதுக்கு முன்னாடி பெரியவங்க வாயில வர்ற பேரு ரஜூலா. 1926-ல கட்டினது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு நடை. ஏழைபாழைங்க மேல்தட்டுல பாயும் தலகாணியும் கொண்டுபோய் விரிச்சுப் படுத்துக்கிட்டுப் போவாங்க.

எங்க ஐயா ரஜூலாவுல பினாங்கு போனவர். கணக்குக்குப் (அங்க கடைக் கணக்குப் பார்க்கிற தவணை வேலைக்கு) போனா மூணு வருஷம் கழிச்சுத்தான் ஊர். அந்தக் காலத்துல ஆம்பளைங்க கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் பண்ண) போனாங்க, பொம்பளைங்க வளவுல (வீட்டு முற்றத்துல) இருந்து குடும்பத்தைப் பார்த்தாங்க. எங்க அப்பத்தாவுக்குப் பினாங்கு வீதி, தண்ணிமலை முருகன் கோவில், கிட்டங்கி (நம்மாளுங்க தொழில் பண்ணித் தங்கின இடம்) எல்லாம் வாய்ப்பாடா வரும். ஒண்ணையும் கண்ணால பார்த்ததில்லை. பினாங்குதான் வேணும்னு நான் சொன்னதுக்குக் காரணம் இதுதான். உங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருந்தா, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

11 நவம்பர்

காசு. விளம்பரத்துல போட்டிருக்கிற தொகையோட துறைமுக வரி, ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஊழியர் அன்பளிப்பு, காப்பீடு, கரையில சுத்துற செலவு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துட்டு முடிவெடுங்க. உள்ளே கையில காசு புழங்காது. கேபின் அட்டையைத் தேய்ப்பாங்க, கணக்கு சிங்கப்பூர் டாலர்லயோ அமெரிக்க டாலர்லயோ ஏறிக்கிட்டே இருக்கும். ஏறும்போது நம்ம கார்டுல ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பாங்க. டெபிட் கார்டு கொடுத்தா அந்தப் பணம் விடுபட நாளாகும், கிரெடிட் கார்டு கொடுங்க. ஏஜென்ட் வெளிநாட்டுப் பேக்கேஜுக்குப் பிடிக்கிற டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே வசூலிக்கிற வரி) வருமான வரிக் கணக்குல வரவு வைக்கிற தொகை. ரசீதைப் பத்திரப்படுத்துங்க.

சூதாட்டக் கூடம் பத்திச் சித்தப்பா சொன்னது: இருக்கு. அந்தப் பக்கம் போகாம பயணம் பூராவும் இருக்கலாம்.

14 டிசம்பர்

விசா. சிங்கப்பூர் விசா ஏஜென்ட் மூலமா ஈ-விசாவா வரும். பலமுறை நுழையலாம்னு அதுல இருக்கான்னு பாருங்க, ஏன்னா கப்பல் சுத்திட்டு மறுபடி சிங்கப்பூர்லதான் இறக்கும், அது ரெண்டாவது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையை, போய் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள இணையத்துல நிரப்பணும். விமானத்துல இறங்கும்போது ஒண்ணு, கப்பல்ல திரும்பி இறங்கும்போது ஒண்ணு. மலேசியாவுக்கு 2023 டிசம்பர்லேருந்து நமக்கு விசா வேண்டாம், 30 நாள் வரைக்கும். இந்த விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், கிளம்புற மாசம் மறுபடி பாருங்க.

முதல் நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துடுங்க. திருச்சியிலேருந்து நேரடி விமானம் இருக்கு, ஆனா விமானம் தாமதமானா கப்பல் நிக்காது. சிங்கப்பூர்ல கப்பல் முனையம் ரெண்டு: ஹார்பர் ஃபிரன்ட்ல ஒண்ணு, மரீனா பேல ஒண்ணு. டிக்கெட்ல எதுன்னு பார்த்துட்டு டாக்சியில ஏறுங்க.

15 டிசம்பர்

மருந்து. கைப்பையில, கூடவே டாக்டர் சீட்டு, மருந்தோட மூலப்பேர் போட்டு. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை வகையில சிலதுக்குச் சிங்கப்பூர்ல முன் அனுமதி வேணும். குமட்டலுக்கு அவோமின் போடலாம்னு ஒரு வாசகர் எழுதியிருக்கார். இளவட்டத்துக்குச் சரி. வயசானவங்களுக்கு அது மயக்கமும் தடுமாற்றமும் கொடுக்கலாம், ஆம்பளைங்களுக்கு மூத்திரம் அடைச்சுக்கவும் செய்யும். அவங்கவங்க டாக்டரைக் கேட்காம கொடுக்காதீங்க. காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீங்க. கப்பல் டாக்டர் ஃபீஸ் கொஞ்சநஞ்சமில்லை.

12 ஜனவரி 2025

மூட்டை கட்டுறோம். பெரிய பெட்டியைத் துறைமுகத்துல வாங்கிக்குவாங்க, கேபினுக்கு வர சாயங்காலம் ஆகும். அதனால கைப்பையில மருந்து, ஒரு மாத்துச் சேலை, பாஸ்போர்ட். காந்தக் கொக்கி வாங்கிட்டேன். கேபின் சுவர் இரும்புத் தகடாம், ஒட்டுமாம். நகை வேண்டாம்னு சொல்லிட்டேன், அப்பத்தா ஒத்தைச் சங்கிலியோட சம்மதிச்சாங்க. நாளைக்குப் பிள்ளையார்பட்டி போய்ட்டு வந்துடுவோம்.

3 பிப்ரவரி

போய்ட்டு வந்தாச்சு. அப்பத்தா நல்லா இருக்காங்க. கேட்டவங்களுக்காக விவரமா எழுதறேன்.

ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சி. கேபின்ல படுத்துக்கலாம், யாரு கேட்கப்போறான்னு இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. டைட்டானிக் முழுகினதுக்கு அப்புறம் 1914-ல உலக நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் போட்டாங்க. 2012-ல இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தப்ப, அன்னிக்குப் புதுசா ஏறினவங்களுக்குப் பயிற்சி நடந்திருக்கலை. அதுக்கு அப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியே ஆகணும்னு விதியை இறுக்கினாங்க. ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு. அது கேட்டா எந்த இடத்துல கூடணும்னு அப்பத்தாவை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினோம். லிஃப்ட் இல்லாம எப்படி இறக்குவீங்கன்னு ஊழியர்கிட்டக் கேட்டோம். படியில தூக்கிட்டுப் போற நாற்காலி இருக்குன்னு காட்டினாங்க. நீங்களும் கேளுங்க.

குளியலறை வாசல்ல கணுக்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு, தண்ணி வெளியே வராம. நாங்க எல்லாரும் தட்டிக்கிட்டோம். அப்பத்தா மட்டும் தட்டிக்கலை. எழுபது வருஷமா நிலைப்படி தாண்டித் தாண்டிப் பழகின கால், பார்க்காமலே தூக்கி வச்சாங்க. இருந்தாலும் ராத்திரிக்குச் சின்ன விளக்கு ஒண்ணு போட்டு வச்சோம்.

சாப்பாட்டுக் கூடத்துல ரெண்டாவது ராத்திரியிலேருந்து எங்க மேசைக்குச் சொல்லாமலே சாதம், பருப்பு, தயிர் வந்துடுச்சு. காலையில இட்லி இருந்துச்சு, சாம்பார் இனிப்பு. பருப்புப்பொடிதான் கைகொடுத்துச்சு.

பினாங்கு. கப்பல் கட்டினதும் முதல் கூட்டம் இறங்கட்டும்னு விட்டுட்டு மெதுவா இறங்கினோம். துறையிலேருந்து பினாங்கு வீதி கூப்பிடு தூரம், நாற்காலியில தள்ளிக்கிட்டே போயிடலாம். அங்க நகரத்தார் கோவில் வீட்டு வாசல்ல அப்பத்தா எழுந்து நின்னுட்டாங்க. அப்புறம் கார் வச்சுத் தண்ணிமலை. மலை உச்சிக் கோவிலுக்கு 500 படிக்கு மேல. நகரத்தார் கோவில் கீழே சமதரையில இருக்கு, வயசானவங்களுக்கு அது போதும். 1850-கள்ல நம்மாளுங்க கட்டினது. உள்ளே தேக்குத் தூணைப் பார்த்துட்டு, தடவித் தடவிப் பார்த்தாங்க. "நம்ம முகப்புத் தூணு மாதிரியே இழைச்சிருக்கான் பாரு"ன்னாங்க. அங்க இருந்த பெரியவர் ஒருத்தர் எந்த ஊருன்னு கேட்டு, எந்தக் கோவில்னு (நகரத்தார்ல குலத்தை அடையாளம் சொல்ற கோவில்) கேட்டு, அதுக்குள்ள பிரிவு வரைக்கும் வந்துட்டார். ரெண்டு பேரும் பேசினது அரை மணி நேரம் இருக்கும். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையிலேயே போயிடுங்க.

கடல் அசைவே தெரியலை. ஒரு ராத்திரி மட்டும் கண்ணாடி டம்ளர் லேசாச் சிணுங்குச்சு.

5 பிப்ரவரி

தைப்பூசத்தன்னிக்குப் பினாங்குல நிக்கிற மாதிரி போகலாமான்னு ஒரு அன்பர். 2025-ல அது பிப்ரவரி 11. பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணும்தான். பூச ஊர்வலத்துல முருகன் வர்ற வெள்ளி ரதம் காரைக்குடியில செஞ்சு 1894-ல கப்பல்ல போனது. ஆனா ரதம் போற வழியெல்லாம் சாலை அடைச்சிருப்பாங்க, கூட்டம் லட்சக்கணக்குல. கப்பலுக்குத் திரும்புற நேரம் தவறினா அது உங்களை விட்டுட்டுப் போயிடும். பூசம் பார்க்கணும்னா விமானத்துல போய் அங்கயே தங்கிப் பாருங்க. கப்பலையும் பூசத்தையும் ஒண்ணாப் போடாதீங்க.

6 பிப்ரவரி

நேரம் பத்தி விட்டுப்போச்சு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், நம்மைவிட ரெண்டரை மணி முன்னாடி. தாய்லாந்து அதைவிட ஒரு மணி பின்னாடி. புக்கெட் போறவங்க கப்பல் நேரத்தை மட்டும் நம்புங்க, செல்போன் நேரத்தை நம்பாதீங்க. போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு வைங்க, கடல்ல ரோமிங் பிடிச்சா பில் தாங்காது.

20 பிப்ரவரி

பால்கனி வேண்டாம்னு அக்டோபர்ல எழுதியிருந்தேன். பொதுவா அது சரின்னுதான் இப்பவும் சொல்வேன். ஆனா உங்க வீட்ல ரொம்ப நடக்க முடியாதவங்க இருந்தா, அவங்க அறைக்கு மட்டும் பால்கனி போடுங்க. பக்கத்து அறைக்காரங்க பால்கனியில அப்பத்தாவை உட்கார வச்சாங்க. மத்தியானம் பூரா, வர்ற போற சரக்குக் கப்பலை எண்ணிக்கிட்டே இருந்தாங்க. மேல்தளத்துல பாட்டுச் சத்தம் அவங்களுக்கு ஒத்துக்கலை. மத்தவங்க உள்ளறையில படுத்துக்கலாம், கணக்கு நேராயிடும்.

1 மார்ச்

கானாடுகாத்தான் அன்பருக்கு: சித்தப்பாவும் வர்றேன்னு சொல்லிட்டாருன்னு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். எட்டுப் பேர்னா ஒரே தளத்துல அடுத்தடுத்த அறை கேளுங்க, இப்பவே. அப்பத்தா கூட யார் படுக்கிறாங்கன்னு முடிவு பண்ணிட்டுப் பேர் கொடுங்க, பின்னாடி மாத்தினா சில இடத்துல காசு கேட்பாங்க. நாற்காலி விவரத்தை விமானக் கம்பெனிக்கு ஒரு தடவை, கப்பலுக்கு ஒரு தடவைன்னு தனித்தனியா எழுதிக் கொடுங்க. ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லமாட்டாங்க.